திரைவழிக் கல்வி ஆய்வில் உளவியலாளராகப் பணியாற்றுவது எப்படி?

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, மருத்துவமனைக்கும் ஆலோசனை மையத்துக்கும் வெளியே வேலை தேடும் கொங்குப் பகுதி மாணவர்களுக்கு, திரைவழிக் கல்வி எல்லாக் குழந்தைகளுக்கும் உண்மையிலேயே பயன்படுகிறதா என்று ஆராயும் பணியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தமிழக அரசு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், பின்னர் கொண்டுவந்த பாடக் காணொளிச் செயலியான மணற்கேணியும் பாடத்தை வீடுவரை கொண்டு சேர்த்திருக்கின்றன. அந்தப் பாடம் பார்வைக் குறைபாடுள்ள, வாசிக்க இடர்ப்படுகிற, வீட்டில் வேறு மொழி பேசுகிற குழந்தைக்கு எந்த அளவுக்குப் புரிகிறது என்பதை ஆராய்ந்து சொல்ல உளவியலாளர் தேவை.

கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்தில் உளவியலும், அவினாசிலிங்கம் மகளிர் உயர்கல்வி நிறுவனத்தில் சிறப்புக் கல்வியும் படிக்கலாம். எங்கே படித்தாலும் புள்ளியியலையும் ஆய்வு முறையையும் ஊன்றிக் கற்றுக்கொள்ளுங்கள். யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பணக் கவலை குறையும். ஒரு குழந்தைக்குக் கற்றல் குறைபாடு உள்ளதா என்று அறுதியிடுவது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் போன்ற வல்லுநர்களின் வேலை என்பதால், அந்த எல்லையை எப்போதும் மீறாதீர்கள்.

ஆய்வின் உயிர், குழந்தையின் அருகில் அமர்ந்து கவனிப்பதில் இருக்கிறது. பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வந்த குடும்பத்துச் சிறுமியும், வீட்டில் கன்னடம் பேசும் தாளவாடிச் சிறுவனும், லகர, ளகர, ழகரங்களை ஒரே மாதிரி மாற்றி எழுதக்கூடும். ஆனால் அந்தப் பிழை வீட்டு மொழியால் வந்ததா, வாசிப்புச் சிக்கலால் வந்ததா, சிறிய கைபேசித் திரையில் எழுத்து சரியாகத் தெரியாததால் வந்ததா என்பதை மதிப்பெண் மட்டும் காட்டாது. ஆகவே ஒரே கடினமுள்ள இரண்டு பாடங்களைத் தேர்ந்து, ஒன்றை வழக்கமான வடிவிலும், மற்றொன்றைப் பெரிய எழுத்து, ஒலி வாசிப்பு, நேரக் கட்டுப்பாடில்லாத வினாக்கள் ஆகியவற்றுடனும் கொடுத்துப் பாருங்கள். பாதிக் குழந்தைகளுக்கு முதல் வடிவையும் மீதிப் பேருக்கு இரண்டாம் வடிவையும் முன்னதாகக் கொடுத்து, எந்தப் பாடம் எந்த வடிவில் வரும் என்பதையும் மாற்றி மாற்றி அமைத்தால்தான், பழக்கத்தால் கூடிய மதிப்பெண்ணை வடிவமைப்பின் பலன் என்று தவறாக எண்ணாமல் இருக்கலாம். திருத்திய வடிவில் மதிப்பெண் தெளிவாக உயருமானால், திருத்த வேண்டியது செயலியையே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகளின்படி, பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரையுள்ள குழந்தையிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்து மூலமாகவும் இசைவு பெற வேண்டும். ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோரை அவர்களுக்கு வசதியான நேரத்தில் வீட்டிலேயே சந்தித்து, படிவத்தை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துக்காக அவசரப்படுத்துவது அறமாகாது.

இறுதி அறிக்கையை இரண்டாக எழுதுங்கள். செயலி உருவாக்குபவருக்கு, எந்தத் திரையில் எந்தப் பொத்தானை மாற்ற வேண்டும் என்று குறிப்பிடுங்கள். ஆசிரியருக்கு, குழந்தைகளின் பெயர்களை நீக்கிவிட்டு, மறுநாள் வகுப்பிலேயே செய்யக்கூடியவற்றை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் கொடுங்கள்.