மாணவர்களை லாங்டாங் கூட்டிப்போகும் ஆசிரியருக்கு

பனியாறு, அது தள்ளிக்கொண்டு வந்து குவித்த மொரெய்ன் மேடு, நிலச்சரிவு எல்லாவற்றையும் ஒரே பள்ளத்தாக்கில் காட்ட வேண்டுமென்றால், புவியியல் வாத்தியாருக்கு நேபாளத்தின் லாங்டாங்கை விட்டால் வேறு இடமில்லை. எவரெஸ்ட் பக்கம் போனால், நடை தொடங்கும் லுக்லாவுக்குப் போகிற விமானத்துக்கே பட்ஜெட் கரைந்துவிடும். இங்கே காத்மாண்டுவிலிருந்து ஒரு பகல் பஸ்ஸில் குலுங்கினால் சியாப்ருபேசி. அப்புறம் நடைதான்.

சிக்கல் உயரத்தில்தான். கடைசி ஊரான கியாஞ்சின் கோம்பா 3,870 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637தான். அந்த உயரத்தில் யார் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கபடி டீம் கேப்டன் சுருண்டு படுப்பான், மாடிப்படி ஏறவே அலுத்துக்கொள்ளும் பெண் சிரித்துக்கொண்டே நடப்பாள்.

முதலில் காகிதம். இந்தியர்களுக்கு நேபாள விசா வேண்டாம் என்றதும் ஆதார் போதும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். கல்லூரி வயதுக்கு ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். முதலாமாண்டு மாணவர் பலரிடம் இரண்டுமே இருக்காது, அதனால் ஜூன் மாதமே பேச்சை எடுத்துவிடுங்கள். பயணத்தை ஏப்ரலில் வையுங்கள். அக்டோபர், நவம்பரில் வானம் இன்னும் தெளிவுதான், ஆனால் செமஸ்டர் தேர்வு விடாது.

ஏஜென்ட் நீட்டும் பயணத்திட்டத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். முதல் நாள் நடந்து லாமா ஹோட்டலில் தங்கல் (அது ஹோட்டல் அல்ல, ஊர்ப் பெயரே அதுதான்), மறுநாளே லாங்டாங் கிராமம் என்று போட்டிருப்பார்கள். லாமா ஹோட்டல் ஏறக்குறைய 2,470, லாங்டாங் 3,430. ஒரே நாளில் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர்! 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. ஆகவே நடுவில் கோடாதபேலாவில் ஓர் இரவு கேளுங்கள், கியாஞ்சினில் இரண்டு இரவு. "ஒரு நாள் வேஸ்ட் ஆகுமே" என்பார் ஏஜென்ட். ஆகட்டும்.

என்னைக் கேட்டால், உயர நோயைவிட (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் உடம்புக்கு வரும் கோளாறு) ஆபத்தானது அதை மறைப்பது. ஓட்டலில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது "எல்லாரும் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே மேம்!" என்று கோரஸ்தான் வரும். தன்னால் மற்றவர்கள் பயணம் கெட்டுவிடுமோ என்ற பயம். அதைக் கிளம்புவதற்கு முன்பே போக்கிவிட வேண்டும். யார் இறங்க நேர்ந்தாலும் ஓர் ஆசிரியர் கூடவே இறங்குவார், மற்றவர்கள் மேலே போவார்கள், ஃபீல்டு ரிப்போர்ட் மதிப்பெண்ணுக்கும் உச்சிக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். இதை நிறைவேற்ற இரண்டு ஆசிரியர்களும் வழிகாட்டியோடு ஓர் உதவியாளரும் வேண்டும். ஒற்றை ஆசிரியராகப் போவதாக இருந்தால் போகாதீர்கள்.

மாலையில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: தலைவலி, குமட்டல், அசதி, கிறுகிறுப்பு, நான்குக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண். தலைவலியும் இருந்து கூட்டுத்தொகை மூன்றைத் தொட்டால் மறுநாள் ஏற்றம் கிடையாது. குறையாமல் கூடினால் இறக்கம். வாயைவிடத் தட்டு உண்மை பேசும்: எப்போதும் இரண்டாம் முறை தால் பாத் (பருப்பும் சோறும்) வாங்குகிற பையன் சோற்றை அளைந்துகொண்டிருந்தால் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். காலையில் குதிகாலை மறுகால் விரலில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். அதைக் காத்மாண்டுவிலேயே ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் ஒப்பிடலாம். தள்ளாடினாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆக்சிஜனோடு, ஆள் துணையோடு கீழே இறக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தியர் என்றாலே இந்தி தெரியும் என்று எண்ணி வழிகாட்டிகள் இந்தியில் பேசுவார்கள். நம் பிள்ளைகள் புரியாமலே தலையாட்டுவார்கள். ஆங்கிலத்தில் பேசும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நாமாக எடுத்துக் கொடுப்பது கூடாது. ஒவ்வொரு மாணவரும் கிளம்புமுன் மருத்துவரைப் பார்த்து, சல்ஃபா அலர்ஜி, ஆஸ்துமா, ரத்தசோகை இருந்தால் சொல்லி, சீட்டு வாங்கி வரட்டும். தூக்க மாத்திரையும் மதுவும் அறவே வேண்டாம்.

பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். காரணம் கழிவறை. வழியில் மறைவிடம் இல்லை, ஓட்டல் கழிவறையில் காலையில் வாளித் தண்ணீர் உறைந்திருக்கும். தண்ணீர் குறைந்தாலும் தலை வலிக்கும், அப்புறம் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. ஓட்டல் வரும் இடமெல்லாம் நின்று, ஆசிரியை முதலில் போய்வந்தால் மற்றவர்களும் போவார்கள். நாப்கினை மாதவிலக்குத் தேதி பார்க்காமல் எல்லோரும் எடுத்து வரட்டும். தினமும் தலைக்குக் குளிக்கும் வழக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் லீவு. தேங்காய் எண்ணெயும் கல்லாகிவிடும்.

லாங்டாங் கிராமத்துக்குள் நுழையும் முன் பாறையும் மண்ணும் கலந்த பெரிய திட்டைக் கடப்பீர்கள். 25 ஏப்ரல் 2015 நிலநடுக்கத்தில் மேலிருந்து சரிந்த பனியும் பாறையும் பழைய ஊரை மூடிய இடம் அது. இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவிடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஓட்டல்காரர்களில் பலர் அன்று குடும்பத்தைப் பறிகொடுத்தவர்கள். பாடத்தை அங்கே நடத்துங்கள், ரீல்ஸ் மட்டும் வேண்டாம்.

இன்ஷூரன்ஸில் மலைநடைக்கும் 5,000 மீட்டர் வரையிலான உயரத்துக்கும் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஹெலிகாப்டர் செலவும் அதில் சேர வேண்டும். திரும்பும் விமானத்துக்கு முன் காத்மாண்டுவில் ஒரு நாள் உபரியாக விடுங்கள், மழை பெய்தால் சியாப்ருபேசி சாலையில் மண் சரியும். சரியவில்லையென்றால் அந்த நாளில் பக்தபூர் பார்த்துவிடலாம்.