கடலையும் பயறும் வைத்து ஒரு நுண்பையை நிரப்பிப் பார்ப்போம்

சினாப்ஸ், அதாவது ஒரு நரம்பு செல் அடுத்த செல்லைச் சந்திக்கும் இடம் பற்றிய பாடத்துக்கான படங்களில், நுண்பைகள் எனும் அந்தச் சின்ன உருண்டைகள் பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பியே இருக்கும். நரம்பு முனையில் குவிந்து கிடக்கும். மின்துடிப்பு வந்ததும் திறந்து, செய்தியைக் கடத்தும் வேதிப்பொருளைக் கொட்டும். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குச் சனிக்கிழமை டியூஷன் வரும் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அதுக்குள்ள யார் அள்ளிப் போட்டது?" அருமையான கேள்வி. மேசைமேல் செய்து பார்த்தால் நன்றாகப் புரியும்.

ஒரு காகிதக் கோப்பை, ஒரு தட்டு, ஒரு கைப்பிடி பச்சைப்பயறு, ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலை, ஐந்தாறு பத்துக் காசுகள் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுதான் நரம்பு முனையின் உட்பகுதி, கோப்பை அதில் மிதக்கும் நுண்பை. உண்மையான நுண்பையின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் 25,000 பைகளை வரிசையாக வைக்கலாம். கடலையை டோபமின் என்ற கடத்தி என்று வைத்துக்கொள்வோம். பயறு என்பது புரோட்டான், அதாவது எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன். காசு ஏடிபி, செல் செலவழிக்கும் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு. பயறு, கடலை எல்லாவற்றையும் தட்டில் கொட்டிவிடுங்கள்.

முதல் படியில் கடலையைத் தொடவே கூடாது. ஒரு காசை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று பயறுகளைக் கோப்பைக்குள் போடுங்கள். இப்படி நான்கு காசு செலவழியுங்கள்; உள்ளே பன்னிரண்டு பயறு சேர்ந்திருக்கும். நுண்பையின் சுவரில் இந்த வேலையைச் செய்வது ஒரு புரோட்டான் பம்ப். ஏடிபியை உடைத்து, அந்த ஆற்றலில் நிஜமாகவே சுழலும் புரத எந்திரம் அது. ஒரு பைக்கு ஒன்றோ இரண்டோ இருந்தாலே போதும். அது ஓட ஓட உள்ளே அமிலத்தன்மை ஏறும்: வெளியே பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.2 என்றால் உள்ளே 5.5 அளவுக்கு இறங்கிவிடும். புரோட்டான் செறிவில் இது சுமார் 50 மடங்கு வித்தியாசம்.

இந்த இடத்தில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள். டோபமினை ஏற்ற வேண்டிய செல் ஏன் புரோட்டானை ஏற்றிக்கொண்டிருக்கிறது? எங்கள் புளோக்கின் மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். கீழே இருக்கும் பம்ப் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைக்கிறது. அப்புறம் வீட்டுக் குழாயைத் திறக்க மின்சாரமே வேண்டாம்; மேலே ஏறிய தண்ணீர் தானாக இறங்கும். நுண்பைக்குள் அடைபட்ட புரோட்டான்களும் அப்படித்தான், வெளியேறத் தவிக்கின்றன.

சரி, இரண்டாம் படி. இரண்டு பயறை வெளியே எடுத்தால்தான் ஒரு கடலையை உள்ளே போடலாம். இதுதான் விதி, கண்டிப்பான விதி. சுவரில் இருக்கும் இன்னொரு புரதம், ஏற்றும் புரதம், இதைத்தான் செய்கிறது. அதன் வாய் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். இரண்டு புரோட்டான்கள் வெளியேறும் வேகத்தில் ஒரு டோபமின் உள்ளே வந்துவிடும். நீங்கள் செய்து பார்த்தால் ஆறாவது கடலையோடு பயறு தீர்ந்துபோகும். ஏழாவதைப் போட வேண்டுமா? மறுபடி காசை எடுங்கள். நிஜப் பையில் புரோட்டான்கள் இப்படி முழுவதும் தீரும்வரை செல் காத்திருப்பதில்லை, பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஓடினால்தான் ஒரே பைக்குள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை அடைக்க முடியும்.

எல்லாக் கடத்திகளுக்கும் இதே கணக்கு இல்லை. அசிட்டைல்கோலினும் செரட்டோனினும் இரண்டுக்கு ஒன்று என்ற விதியில்தான் ஏறுகின்றன. குளூட்டமேட் எதிர்மின் ஏற்றம் கொண்டது. புரோட்டான்கள் சேர்ந்ததால் பையின் உட்புறம் நேர்மின்னாகி இருக்கிறது அல்லவா? அந்த ஈர்ப்பே அதை உள்ளே இழுக்கும் முக்கிய விசை. ஏற்றும் புரதமும் வேறு. ஆனால் பம்ப் அதே பம்ப்தான்.

மூன்றாம் படிக்கு வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும். தட்டில் கிடக்கும் கடலையை அவர்கள் எடுத்துத் தின்னலாம், கோப்பையில் இருப்பதைத் தொடக்கூடாது. செல்லுக்குள், ஆனால் பைக்கு வெளியே கிடக்கும் டோபமினை மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி இப்படித்தான் சிதைக்கிறது. பைக்குள் போனது பத்திரம்.

இப்போது கோப்பையைத் தட்டில் காலி செய்து, மறுபடி பயறால் மட்டும் நிரப்பிவிட்டு, இரண்டாம் படியை மட்டும் தடை செய்யுங்கள். ரெசர்பின் செய்வது இதுதான். சர்ப்பகந்தா என்ற செடியின் வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்டு, இரத்த அழுத்தத்துக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்ட பொருள் அது. டோபமின், நோரட்ரீனலின், செரட்டோனின் ஆகியவற்றை ஏற்றும் புரதத்தைப் பிடித்து நிறுத்திவிடும். பம்ப் வழக்கம்போல ஓடும், பையும் அமிலமாகவே இருக்கும். ஆனால் கடலை தட்டிலேயே கிடக்கும், தம்பி ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருப்பான். கடைசியில் மின்துடிப்பு வந்து கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேசைமேல் கொட்டுவது வெறும் பயறு மட்டும்தான்.