புகார்ப் பிரிவு தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டம். ஈமச்சடங்குச் சங்கங்கள் சிலவும் இரண்டு மூன்று சிறு காப்பீட்டு புரோக்கர்களும் சேர்ந்து, வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கப் பொதுவாக ஒரு பிரிவு தொடங்கப் போகிறார்கள். யோசனை சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு தம்பி எழுந்து வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தார். முதல் கட்டத்தில் ‘பூர்த்தி செய்த படிவம் வந்து சேர்தல்’ என்று எழுதினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் வரைந்ததும் அப்படித்தான் தொடங்கியது.

கோப்பைத் தொலைக்காதீர்கள், போன் வந்தால் எடுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடுகிறேன்.

படிவம் வந்த நாள்தான் புகார் நாள் என்று வைப்பது

அப்போது ஒரு புரோக்கர் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அதன் புகார்ப் பிரிவை அமைத்தவன் நான்தான். இரண்டு பக்க ஆங்கிலப் படிவம் ஒன்று தயாரித்தேன். படிவம் வந்தால் எண் கொடுப்போம், எண் இருந்தால்தான் கோப்பு திறப்போம். ஒழுங்காக இருக்கிறது என்று மேலிடத்தில் பாராட்டினார்கள்.

ஒரு அக்கா வந்தார். கணவர் இறந்து, பதினாறாம் நாள் காரியத்தைக் கடன் வாங்கி முடித்திருந்தார். ஈமச்சடங்குப் பாலிசி 15,000 ரேண்டுக்கு. பிரீமியம் வரவில்லை, பாலிசி காலாவதியாகிவிட்டது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. ஆனால் அக்கா மாதாமாதம் எங்கள் ஆளிடம் ரொக்கமாகக் கட்டியிருந்தார். ரசீதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் மடித்து வைத்திருந்தார். வாங்கிய பணம் போய்ச் சேரவில்லை. தவறு எங்கள் பக்கம்.

வரவேற்பில் இருந்த பெண் படிவத்தைக் கொடுத்து, நிரப்பிக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அக்காவுக்கு ஆங்கிலம் பேச வரும், எழுத வராது. மறுபடி வந்தார், மறுபடி அதே பதில். போன் செய்தார். நடுவில் உடம்பு முடியாமல் போயிற்று, மகள் ஜொகானஸ்பர்க்குக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். கடைசியில் மகள் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தபோது மூன்று வருஷமும் சில வாரங்களும் ஆகியிருந்தன. காலம் கடந்துவிட்டது என்று எங்கள் நிறுவனம் எழுதி அனுப்பியது.

அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தபோது, அவர் இதற்கு முன் வந்ததற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று தேடினேன். எங்கள் கணினியில் ஒன்றும் இல்லை. கீழே காவலாளியிடம் போய்ப் பழைய கேட் புத்தகங்களை வாங்கிப் புரட்டினேன். நீலப் பேனாவில், காவலாளியின் கையெழுத்தில், நான்கு தேதிகளில் அந்த அக்காவின் பெயர். ‘வந்த காரணம்’ என்ற பத்தியில் நான்கு முறையும் ‘புகார்’ என்றே எழுதியிருந்தார். காவலாளிக்குத் தெரிந்தது என் பிரிவுக்குத் தெரியவில்லை. கேட் புத்தகத்தை மேலிடத்தில் காட்டினேன். படிவம் எங்கே என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பணம் அக்காவுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய தவறு என்பதைச் சொல்கிறேன். 1969ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி, சாதாரணக் கடன் பாக்கியைக் கேட்டு வாங்க மூன்று வருஷம்தான் கெடு. நிதி ஆலோசகர்கள், இடைத்தரகர்கள் மீதான புகார்களைக் கேட்கும் ஃபைஸ் ஓம்பட் என்ற குறைதீர்ப்பாளருக்கும் அதே மூன்று வருஷக் கணக்கு உண்டு. நடந்தது பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால், தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். புகார் முறையாக ஓம்பட்டிடம் போய்ச் சேர்ந்துவிட்டால், காலாவதிக் கடிகாரம் அங்கேயே நிற்கும். 2002ஆம் ஆண்டு ஃபைஸ் சட்டத்திலேயே, அதாவது நிதி ஆலோசனை, இடைத்தரகர் சேவைகள் சட்டத்திலேயே, அது இருக்கிறது. நிறுவனத்திடம் புகார் சொல்லிவிட்டுக் காத்திருப்பதால் மட்டும் கடிகாரம் நிற்காது. ஆக, உங்கள் பிரிவு ஒருவரைப் ‘படிவம் கொண்டுவா’ என்று அலைய வைக்கும் ஒவ்வொரு வாரமும் அவருடைய உரிமையிலிருந்து ஒரு வாரம் கரைகிறது. நல்ல எண்ணத்தோடு அலைய வைத்தாலும் கரையத்தான் செய்யும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வாயால் சொன்னாலும் புகார்தான். காப்பீட்டுப் பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளும் அதிருப்தியைத் தெரிவிப்பதைத்தான் புகார் என்கின்றன, படிவத்தை அல்ல. முதல் தடவை வாய் திறந்த நாளையே பதிவேட்டில் எழுதி, அப்போதே எண் கொடுங்கள். படிவம் வேண்டுமென்றால் நீங்களே நிரப்பி, அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தமிழ் மட்டும் போதாது. சாட்ஸ்வர்த்திலும் டோங்காட்டிலும் ஜூலு பேசுகிற உறுப்பினர்களும் இருக்கிறார்கள்.

ஃபைஸ் விதிப்படி நிறுவனத்துக்கு ஆறு வாரம். அதற்குள் தீராவிட்டால், அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் வாடிக்கையாளர் ஓம்பட்டிடம் போகலாம். அந்த ஆறு வாரம் எந்தத் தேதியில் முடிகிறது, பிறகு யாரிடம் போகலாம் என்பதை நீங்கள் அனுப்பும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். விசாரணை நடக்கும் நாட்களைக் காட்டி ‘காலம் கடந்துவிட்டது’ என்று வாதாட மாட்டோம் என்று உறுப்பினர் நிறுவனங்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஆனால் அந்த உறுதிமொழி ஓம்பட்டின் கெடுவை நீட்டிக்காது. ஆகவே யாரையும் ஆறு வாரத்துக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள்.

விற்றவரே விசாரிப்பது

கூடாது.

புகார் கொடுக்கக் கட்டணம்

ஒரு ரேண்டும் வாங்காதீர்கள். ஓம்பட்டிடம் போனால் இலவசம்.

பணம் கட்டுகிறவர் கையில் கடிவாளம்

நிறுவனங்களின் பணத்தில் பிரிவு நடப்பதில் தப்பில்லை, வங்கி, காப்பீட்டுப் புகார்களைக் கேட்கும் தேசிய நிதி ஓம்பட் திட்டமும் தொழில்துறைப் பணத்தில்தான் நடக்கிறது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. தீர்ப்பு பிடிக்காத உறுப்பினர் அடுத்த வருஷச் சந்தாவை நிறுத்த முடியுமா? விசாரிப்பவரை நீக்கச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அந்தப் பிரிவை நம்பி யாரும் வரமாட்டார்கள். சந்தாவை வருஷத் தொடக்கத்திலேயே மொத்தமாக வாங்கிவிடுங்கள். விசாரிப்பவரை நியமிக்கிற குழுவில் நிறுவனங்களுக்கு வெளியே உள்ளவர்கள் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

வாசல் மாற்றி அனுப்புவது

முன்பு வங்கிக்கு ஒன்று, ஆயுள் காப்பீட்டுக்கு ஒன்று, வீடு கார் காப்பீட்டுக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று என்று தனித்தனி ஓம்பட் அலுவலகங்கள் இருந்தன. 2024 மார்ச் 1 முதல் அந்த நான்கும் தேசிய நிதி ஓம்பட் திட்டத்தில் இணைந்துவிட்டன. ஃபைஸ் ஓம்பட்டும் ஓய்வூதிய நிதித் தீர்ப்பாளரும் சட்டத்தால் அமைந்தவர்கள், தனியாகவே இருக்கிறார்கள். புகார் கொடுக்க வருபவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘இது எங்களிடம் வராது’ என்று சொல்லிக் கதவைச் சாத்தாதீர்கள். சரியான இடத்துக்கு நீங்களே காகிதங்களை அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கு நகலை அவர் கையில் கொடுங்கள்.

பலகையில் ‘ஓம்பட்’ என்று எழுதுவது

வேண்டாம். தொழில்துறை நடத்தும் ஓம்பட் திட்டத்துக்கு 2017ஆம் ஆண்டு நிதித்துறை ஒழுங்குமுறைச் சட்டப்படி ஓம்பட் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். உங்களுடையது புகார்ப் பிரிவு, அந்தப் பெயரே போதும்.

காரணம் சொல்லாத கடிதம்

‘பரிசீலித்தோம், ஏற்க இயலவில்லை’ என்று ஒற்றை வரியில் அனுப்பினால், வாங்குபவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பாலிசியின் எந்த வரியை வைத்து மறுத்தீர்கள், அவர் கொடுத்த எந்த ரசீது ஏன் செல்லவில்லை என்று எழுதுங்கள். ஓம்பட்டிடம் போகும்போது அந்தக் கடிதம்தான் அவர் கையில் இருக்கும்.

நான் பேசி முடித்ததும் அந்தத் தம்பி கேட்டார்: “அப்படியானால் படிவமே வேண்டாமா அங்கிள்?” வேண்டும் தம்பி, நாம் நிரப்புவதற்கு வேண்டும் என்றேன். அவர் முதல் கட்டத்தை அழித்துவிட்டு, ‘யார் வந்தார், எந்த நாள்’ என்று எழுதினார். அடுத்த கூட்டம் சனிக்கிழமை. ஒவ்வொரு சங்கமும் கடந்த ஆறு மாதத்துக் கேட் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதில் இருக்கும் பெயர்களிலிருந்துதான் பதிவேட்டைத் தொடங்கப் போகிறோம்.