குப்பைய பத்தி கம்ப்ளைன்ட் பண்ணா பத்தாது, கொட்டுனவன பத்தி பண்ணுங்க

எங்க தெரு முனையில ஒரு பார்க் சுவரு, அது ஓரமா ராத்திரியோட ராத்திரியா யாராச்சும் ஒரு லோடு ரப்பிஷ், அதாவது கட்டிட இடிபாடு, கொட்டிட்டு போயிடுவாங்க. ஒடைஞ்ச டைல்ஸ், சிமென்ட் கட்டி, பழைய வாஷ் பேசின், எல்லாம் இருக்கும். நாங்களும் சளைக்காம சென்னை மாநகராட்சி ஹெல்ப்லைன் 1913க்கு போன் போட்டோம். வண்டி வரும், அள்ளுவாங்க, கம்ப்ளைன்ட் முடிஞ்சுதுனு மெசேஜ் வரும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஒரு லோடு. ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சுது, தப்பு எங்க மேலயும் இருக்குன்னு. நாங்க ஒவ்வொரு தடவையும் சொன்னது "குப்பை கிடக்கு, அள்ளுங்க" அவ்வளவுதான். அள்ளிட்டாங்க. கொட்டுனது யாரு, எப்ப, எந்த வண்டின்னு நாங்க ஒரு வரி சொன்னது கிடையாது.

சென்னைல முக்காவாசி பேர் பண்ற தப்பு இதுதான். குப்பை எடுக்க வரலங்கிறது வேற கம்ப்ளைன்ட், திருட்டுத்தனமா கொட்டுறாங்கங்கிறது வேற கம்ப்ளைன்ட். முதலாவதுக்கு துடைப்பமும் வண்டியும் போதும், ரெண்டாவதுக்கு அபராதம் போடணும், அபராதம் போட ஆள் தெரியணும். அதனால போன்ல சொல்லும்போதோ, மாநகராட்சியோட 'நம்ம சென்னை' ஆப்ல எழுதும்போதோ முதல் வரியே "வெளியிலிருந்து வண்டில கொண்டு வந்து கொட்டுறாங்க"ன்னு இருக்கட்டும்.

அடுத்தது போட்டோ. நம்ம ஆளுங்க குமியல க்ளோஸப்ல எடுத்து அனுப்புவாங்க, அது அம்பத்தூரா அடையாறான்னு சாமிக்கே தெரியாது. கொஞ்சம் பின்னாடி தள்ளி நின்னு, எதிர் வீடு, கடை போர்டு, தெரு பேர் பலகை எதாவது ஒண்ணு விழற மாதிரி எடுங்க. இந்த ஊர்ல காந்தி தெரு எத்தனை இருக்குன்னு யாரும் எண்ணி முடிச்சதில்ல, அதனால வார்டு நம்பரும் சேர்த்து எழுதுங்க. லொகேஷன் ஆன்ல இருந்தா இன்னும் நல்லது.

வண்டி நம்பர் கிடைச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பெரும்பாலும் குட்டி யானைன்னு சொல்ற சின்ன லோடு வண்டிதான் வரும், வீட்ட இடிக்கிற கான்ட்ராக்டர் லோடுக்கு இவ்வளவுன்னு பேசி விட்டுருவாரு, டிரைவர் டீசல மிச்சம் பிடிக்க எங்க இருட்டா இருக்கோ அங்க கவுத்துட்டு போயிருவாரு. பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் இடிபாட நொறுக்கி மணல் ஜல்லியா மாத்துற ப்ளான்ட் இருக்கு, ஆனா அவ்வளவு தூரம் ஓட்ட யாருக்கு மனசு வருது. அதனாலதான் நம்பரோட நாளும் நேரமும் முக்கியம். ஒரு தடவை பாத்தத வச்சு "அடிக்கடி வருது"ன்னு எழுதாதீங்க, ரெண்டு மூணு தேதிய குறிச்சு வச்சு எழுதுங்க. நம்பர் கிடைக்கலயா, குமியலயே நல்லா பாருங்க. ரோஸ் கலர் பாத்ரூம் டைல்ஸ் கிடந்தா பக்கத்துல எந்த வீட்டுல பாத்ரூம் இடிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்க துப்பறியும் நிபுணர் வேணாம். இடிபாடு யாரு வீட்டுலேருந்து வருதோ அவங்கதான் பொறுப்புன்னு 2016லயே மத்திய அரசு விதி போட்டுருக்கு, லாரிக்காரன் மேல பழிய போட்டுட்டு வீட்டுக்காரர் நழுவ முடியாது.

ஆனா துப்பு துலக்கறேன்னு குமியலுக்குள்ள கைய விடாதீங்க, முக்கியமா ஊசி, டிரிப்ஸ் பாட்டில், ரத்தக் கறை பஞ்சு கிடந்தா கிட்டயே போகாதீங்க. மருத்துவக் கழிவுக்குன்னு தனியா இருக்கிற 2016 விதிப்படி ஆஸ்பத்திரிங்க அந்தக் கழிவு பைல பார்கோட் ஒட்டணும், அது கண்ணுல பட்டா தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுங்க. இத வெறும் குப்பைன்னு சொல்லாம மருத்துவக் கழிவுன்னு தனியா சொல்லி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு காப்பி போடுங்க. 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் கிராமங்கள்ல கேரளாவோட மருத்துவக் கழிவ கொட்டுனாங்களே, அதுல கிடந்த ஆஸ்பத்திரி பேப்பருங்கதான் எங்கேருந்து வந்துச்சுன்னு காட்டிக் குடுத்துச்சு, பசுமைத் தீர்ப்பாயம் அதட்டுனதும் கேரளாவே லாரி அனுப்பி திருப்பி எடுத்துட்டு போச்சு. வெறுமனே அள்ளி வேற இடத்துல போட்டிருந்தா அந்தக் கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

குமியல கொளுத்தி விடறதும் அதே கணக்குதான், புகையோட ஆதாரமும் போச்சு.

எல்லை பிரச்சனை இன்னொரு தலைவலி. சென்னை மாநகராட்சில 200 வார்டு. தாம்பரமும் ஆவடியும் தனித்தனி மாநகராட்சி, அவங்க ஏரியா குப்பைக்கு 1913ல கத்தி பிரயோஜனம் இல்ல. ஆத்தங்கரை, கால்வாய் கரைன்னா நீர்வளத்துறையையும் இழுக்கணும். யாருதுன்னு குழப்பமா இருந்தா 1100க்கு, அதாவது முதல்வர் ஹெல்ப்லைனுக்கு போட்டா அவங்க சம்பந்தப்பட்ட துறைக்கு தள்ளி விடுவாங்க.

அப்பறம் இந்த வாட்ஸப் குரூப் வீரம். பாதி தெரியுற நம்பர் ப்ளேட்ட போட்டு "இவன்தான் திருடன்"னு பரப்புறது, கடைசில பாத்தா அது தண்ணி கேன் போடற பையனோட வண்டி. அந்த அவமானத்துக்கு நீங்க பதில் சொல்லணும், நிஜமா கொட்டுனவன் உஷாராகி இடத்த மாத்திப்பான். வீடியோவ கம்ப்ளைன்ட்ல போடுங்க, குரூப்ல கம்ப்ளைன்ட் நம்பர மட்டும் போடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு தனியா போய் வண்டிய மறிக்கிறதும் வேணாம், அந்த நேரத்துல 100க்கு போன் பண்ணுங்க. காலைல வர்ற தூய்மைப் பணியாளர் அக்காகிட்ட கத்துறவங்களையும் பாக்குறேன், அவங்களால யாருக்கும் அபராதம் போட முடியாதுங்க, பேசணும்னா வார்டு சானிட்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட பேசுங்க.

கம்ப்ளைன்ட் முடிஞ்சுதுனு மெசேஜ் வந்தா அதோட விட்டுராதீங்க. குமியல் போயிருக்கலாம், கொட்டுனவனுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. பதில் வரலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி, இந்த வார்டுல இந்த வருஷம் கட்டிட இடிபாடு கொட்டுனதுக்கு எத்தனை பேருக்கு அபராதம் போட்டீங்கன்னு ஒரே கேள்வி எழுதுங்க, 30 நாள்ல பதில் குடுக்கணும்.

எங்க தெரு கதைக்கு வர்றேன். டைல்ஸ் போட்டோ, வண்டி நம்பர், மூணு தேதி, எல்லாம் சேர்த்து எழுதுனதும் விசாரிக்க ஆள் வந்தாங்க. நாலு வீடு தள்ளி ரினோவேஷன் பண்ணிட்டிருந்தவரோடது. "நான் லோடுக்கு காசு குடுத்துட்டேனே சார், எங்க கொட்டுவாங்கன்னு எனக்கு எப்படி தெரியும்"னாரு. இப்பவும் பால் வாங்கப் போற இடத்துல பாத்தா முகத்த திருப்பிக்கிறாரு.