ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு பென் டிரைவ் கொண்டு போங்கள்

பெட்டியில் என்ன வைப்பது என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது சட்டைப்பையில் கிடக்கும் பென் டிரைவைப் பற்றி.

அப்பா பெயரில் இருந்த நிலத்தை அம்மா பெயருக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். நான்காவது தடவை போனபோது, "இறப்புச் சான்றிதழ் ஸ்கேன் வேணும், பென் டிரைவ்ல இருந்தா குடுங்க" என்றார் மேசையில் இருந்தவர். கொடுத்துவிட்டேன். செருகியதும் எல்லாம் திரையில் விரிந்தது: என் கடவுச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு விவரம், அப்பாவின் மருத்துவக் குறிப்புகள். எனக்குப் பின்னால் நின்ற நாலைந்து பேரும் பார்த்தார்கள். அவர் தேடிக்கொண்டிருக்கவில்லை, மொத்தத்தையும் தன் கணினியில் நகலெடுத்தார். "வேண்டியதை எடுத்துட்டு மீதியை அழிச்சிடுறேன்" என்றார். அழித்தாரா, இன்றுவரை தெரியாது. ஏதாவது கேட்டால் அம்மாவின் வேலை நின்றுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதுதான் இப்போதும் எரிகிறது.

இரவு என் மடிக்கணினியில் போட்டால், ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் அதே பெயர்களில் ஷார்ட்கட்கள். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டுத் தன்னை அங்கே வைத்துக்கொள்ளும் வைரஸ் அது. ஷார்ட்கட்டைத் தொட்டால் கணினிக்குள்ளும் வந்துவிடும். அப்பா கடைசி மாதங்களில் அனுப்பிய குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. வேலை முடித்து ஆறுதலாகக் கேட்கலாம் என்று சேமித்து வைத்தவை. வேறு எங்கும் நகல் இல்லை. ஆன்டிவைரஸால் துடைத்து, மறைந்த கோப்புகளை வெளியே காட்டும் ஆட்ரிப் (attrib) என்ற விண்டோஸ் கட்டளையைக் கொடுத்த பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதுவரை கை நடுங்கியது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஒரு பென் டிரைவ் பிறர் கையில் கொடுக்க. அன்றைக்குக் கேட்ட காகிதம் மட்டும் அதில் இருக்கட்டும். இதற்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள். பழையதில் அழித்த கோப்புகளை, விரைவு ஃபார்மட் செய்திருந்தாலும், மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். மாமா மகன் படம் ஏற்றக் கேட்டாலும் இதையே கொடுங்கள். அவன் மேல் சந்தேகமில்லை, அவன் கணினியில் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியாது.

மற்றது குறியாக்கம் செய்தது, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியது, உங்கள் கணினிக்கு மட்டும். விண்டோஸ் ப்ரோ பதிப்பு இருந்தால் அதிலேயே வரும் பிட்லாக்கர் என்ற பூட்டும் வசதி போதும். விண்டோஸ் ஹோம் பதிப்பில், ஏற்கெனவே பூட்டிய டிரைவைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட முடியாது. அப்போது வெராகிரிப்ட் என்ற மென்பொருளைப் போடுங்கள். இலவசம், மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். பாஸ்வேர்ட் மறந்தால் திறப்பதற்காகப் பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியை அதே பென் டிரைவில் வைக்காதீர்கள். ஃபோல்டரை 'மறை' என்று வைப்பது பாதுகாப்பே அல்ல. கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டும் ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டாலும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். செவன்-ஜிப் என்ற மென்பொருளில், ஜிப்புக்குப் பதில் 7இசட் (7z) வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் பெயர்களையும் மறைக்கலாம்.

எவ்வளவு அவசரமானாலும் பூட்டிய டிரைவை அடுத்தவர் கணினியில் திறக்க வேண்டாம். அங்கே திறந்தால் கோப்புகள் மட்டுமல்ல, தட்டிய பாஸ்வேர்டும் போகலாம். அப்புறம், கிளம்புவதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள், குரல் பதிவுகளை முதலில்.