விதைப்பதற்கு முன்பே பாரம்பரிய பீன்ஸ் விதையின் வீரியத்தை அறியும் முறை

பாரம்பரிய பீன்ஸ் ரகம் ஒன்று வயலில் சோடை போனால், விதையைச் சோதிக்காமல் ரகத்தையே ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. ஒரே வயதுடைய, ஒரே விதமாகச் சேமித்த விதைகளை அருகருகே விதைத்தால்தான் இரண்டு ரகங்களை ஒப்பிட முடியும்.

முதலில் முளைப்புச் சோதனை செய்ய வேண்டும். கண்ணுக்கு அழகானவற்றைப் பொறுக்காமல், குவியலின் பல பக்கங்களிலிருந்தும் 100 விதைகளை எடுத்து, 25 வீதம் நான்கு ஈரத்தாள்களில் சுருட்டி, சுமார் 25 டிகிரி செல்சியஸில் வைத்து, 5-ஆம் நாளும் 9-ஆம் நாளும் எண்ணவும். வேர் விட்டுவிட்டது என்பதற்காக மட்டுமே ஒரு நாற்றைக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. விதையிலைகளை மெல்லப் பிரித்துப் பார்த்தால், சில நாற்றுகளில் நடுக்குருத்து முறிந்து வெறும் தண்டு மட்டும் நிற்கும். நெற்றுகளை அடித்து உடைக்கும்போது விதைக்குள் விழுந்த விரிசல்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அத்தகைய நாற்று வயலில் தேறுவது கடினம். நீரை உறிஞ்சாமல் கல்லாகக் கிடப்பவை கடின விதைகள்; அவற்றை இறந்தவையாகக் கருதாமல் தனியே குறித்துக்கொள்ளவும்.

முளைப்புச் சதவீதம் மட்டும் போதாது என்பதே என் உறுதியான கருத்து. ஈரத்தாளில் சமமாக முளைத்த இரண்டு குவியல்கள், குளிர்ந்த, இறுகிய மண்ணில் வெகுவாக வேறுபடலாம். ஆய்வகங்களில் விதையை ஈரக்காற்று நிறைந்த பெட்டியில் 41 டிகிரியில் 72 மணி நேரம் வைத்து, பிறகு முளைக்கவிட்டு, கடினமான சூழலிலும் முளைத்தெழும் இந்த வீரியத்தை அளக்கிறார்கள். அவ்வசதி இல்லாதவர்கள், வயல் மண்ணைத் தட்டில் நிரப்பி, சற்றே குளிர்ந்த இடத்தில் விதைத்து, எத்தனை நாற்றுகள் எத்தனை நாளில் மண்ணைப் பிளந்து வருகின்றன என்று குறித்தாலே போதும். வெள்ளை விதைகளை இச்சோதனைக்குக் கட்டாயம் உட்படுத்த வேண்டும். நிறமுள்ளவற்றைவிட அவை பொதுவாக வேகமாக நீரை உறிஞ்சுவதால் உட்திசு எளிதில் சிதைகிறது. மிகவும் காய்ந்த விதையை நேரே நீரில் ஊறவைப்பதும் இதே கேட்டை விளைவிக்கும்.

அடுத்த பருவத்துக்கான விதையைச் செடியில் இருக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். தேமல் கண்ட செடிகளையும், காயில் குழிந்த கரும்புள்ளிகள் உள்ள செடிகளையும் விலக்கிவிடுங்கள். தேமல் வைரஸும், இக்கரும்புள்ளிகளை உண்டாக்கும் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சையும் விதை வழியாகவும் பரவுகின்றன. நெற்றுகள் வெளிறி உலர்ந்து, உள்ளே விதைகள் கலகலக்கும்போது பறித்து, கையால் உரிப்பது நல்லது.

சுத்தியலால் தட்டும்போது நசுங்காமல் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த விதையை மட்டுமே காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் அடைக்கலாம். வண்டை ஒழிக்க உறைபெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காமல், குப்பி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையெனில் விதையின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.