செட்டிநாட்டுப் பொட்டலில் கூட்டமாக நடக்கப் போகிறீர்களா?

மார்கழி, தையில் காரைக்குடி, திருமயம் பக்கம் நண்பர்களோடு நடை போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முள்காடு, செம்மண் பொட்டல், கைவிட்ட கல்குவாரி என்று எல்லாம் கலந்து வரும்.

கவனம் வேண்டியது குவாரியில்தான். மழைக்குப் பிறகு குழி நிரம்பி, குளம் மாதிரி அழகாகத் தெரியும். ஆனால் ஊருணி போலக் கரை சரிந்து இறங்காது. வெட்டிய பாறை நேராக இறங்கும். முதல் அடியிலேயே ஆழம். நீச்சல் தெரிந்தவருக்கும் ஏறி வரப் பிடிமானம் கிடைக்காது. குளியல் வேண்டவே வேண்டாம். விளிம்பிலிருந்து நாலு எட்டுத் தள்ளியே நில்லுங்கள். செம்புராங்கல் என்ற செந்நிறக் கல் வெட்டிய குழி என்றால் இன்னும் தள்ளி. ஈரத்தில் ஓரம் பெயர்ந்து விழும். செல்ஃபி எடுப்பவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாலும் தப்பில்லை.

வழி தெரிந்தவர் முன்னால், நிதானமானவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில். ஒற்றையடிப் பாதை பிரியும் இடமெல்லாம் நின்று தலை எண்ணுங்கள். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், அதனால் ஷூ போடுங்கள். பொட்டலில் நிழலே கிடையாது. விடியற்காலை கிளம்பி, பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

அப்புறம், வழியில் கோயில்காடு வந்தால் உள்ளே போகலாமா, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று ஊர்க்காரரிடம் கேட்டுவிடுங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் வரை போவதாக இருந்தால், பாட்டு ஸ்பீக்கரை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.